தாம்பூலப் பையைத் திருப்பிக் கேட்டவன்

பேச்சி,

நேற்று நீ போனை வைத்த வேகத்தில் என் காது இன்னும் கொதிக்கிறது. "உங்களுக்குப் புத்தி கித்தி கெட்டுப் போச்சாப்பா? கல்யாணத்துல குடுத்த தாம்பூலப் பையை யாராவது வீடு வீடாப் போய்த் திருப்பிக் கேப்பாங்களா?" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் கட். உன் கோபத்தில் தப்பே இல்லை. உன் இடத்தில் நான் இருந்திருந்தால் போனைச் சுவரில் எறிந்திருப்பேன். இந்தப் பிள்ளைக்கு எங்கிருந்து இவ்வளவு கோபம் வந்தது என்று உன் அம்மா கேட்டாள், என்னைப் பார்த்துக்கொண்டே. எனக்குப் போனில் வியாபாரம் மட்டும்தான் பேச வரும், மனசில் இருப்பது வராது. அதனால் தி.நகர் கடையை இன்றைக்கு உன் சித்தப்பாவிடம் விட்டுவிட்டு, அடையாறு வீட்டில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இதை நீ நடுவில் கட் பண்ண முடியாது பார்.

உன் மாமியார் தூத்துக்குடியிலிருந்து முந்தாநாளே பேசிவிட்டார். பாவம், அழுதுகொண்டே பேசினார். "அண்ணே, வீட்டுல புள்ளத்தாச்சி இருக்கா. இந்த நேரத்துல தாம்பூலத்தத் திருப்பிக் கேட்டு மெட்ராஸ் பூரா அலையுதீயளாமே. ஊர்ல என்ன பேசுதாவ தெரியுமா? பொண்ணைத் திரும்பக் கூட்டிட்டுப் போகப் போறாவன்னு பேசுதாவ. பிரசவம் இங்கனயே நடக்கட்டும், நான் பாத்துக்கிடுதேன்" என்றார். வளைகாப்பு முடிந்து நீ இங்கே வருவாய் என்று உன் அம்மா உன் அறைக்குப் புதிதாக வெள்ளை அடித்து வைத்திருக்கிறாள். முதல் பிள்ளை தாய்வீட்டில்தான் பிறக்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டது உனக்குத் தெரியும். அந்த ஆசையில் நான் மண்ணைப் போட்டுவிட்டேன். நல்லது செய்கிறேன் என்று இறங்கியே போட்டேன். அது எப்படி நடந்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எம்.எஸ்சி. முடித்துவிட்டு நீ கடற்கரையில் மண் சலிக்கிற ஆராய்ச்சி வேலைக்குச் சேர்ந்தபோது நான் என்ன கேலி செய்தேன் என்று உனக்கு நினைவிருக்கும். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "என் மக மண்ணு சலிக்கப் போறா, கொத்தனார் யாராவது இருந்தா சொல்லுங்க" என்பேன். ஒரு நாள் காலையில் நீ சாப்பிடாமல் போய்விட்டாய் என்று உன் அம்மா இட்லியைக் கொடுத்து அனுப்பினாள். பெசன்ட் நகர் பீச் முனையில், ஊரூர் ஒல்காட் குப்பத்துப் படகுகளுக்கு நடுவில் நீ சல்லடையும் வாளியுமாக உட்கார்ந்திருந்தாய். பக்கத்தில் மீன் விற்கிற தேசம்மா உனக்கு டீ வாங்கி வைத்திருந்தாள். நீ உப்புத் தண்ணீரில் மணலைக் கலக்கி, மேலே மிதந்ததை ஒரு வெள்ளைத் தட்டில் எடுத்து, வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாய். சிவப்பு, நீலம், பச்சை என்று பொடிப்பொடியாகத் துணுக்குகள். நடுவில் மயிரிழை மாதிரி சில நூல்கள். எனக்கு உடனே வியாபாரப் புத்தி வந்துவிட்டது. "இது பாலியஸ்டர்டி. ஜார்ஜெட்டா இருக்கும்" என்று பெருமையாகச் சொன்னேன். நூலைப் பார்த்துச் சரக்கைச் சொல்கிற ஆள் அல்லவா நான்!

"சரி, அது எப்படிக் கடலுக்கு வந்துச்சுன்னு சொல்லுங்க பாப்போம்" என்றாய். எவனாவது பழைய சேலையைக் கடலில் போட்டிருப்பான் என்றேன். நீ தலையை ஆட்டினாய். "துவைக்கிற தண்ணியிலப்பா. ஒவ்வொரு தடவை துவைக்கும்போதும் நூல் உதிருது. வீட்டுலேர்ந்து சாக்கடை, சாக்கடையிலேர்ந்து அடையாறு ஆறு, அங்கேர்ந்து இங்க. பை, பாட்டில் எல்லாம் வேற வழியில வருது. பிளாஸ்டிக் மக்காது. வெயில்லயும் அலையிலயும் நொறுங்கிச் சின்னதாகிக்கிட்டே போகும். மீன் அதை இரைன்னு நெனச்சுத் தின்னும். மீனை நாம தின்போம்." நான் என்ன சொன்னேன்? "அப்ப என் கடைச் சரக்கெல்லாம் கடைசியில உன் தட்டுக்குத்தான் வருதுன்னு சொல்லு" என்று சிரித்தேன். நீயும் சிரித்தாய். பிறகு இட்லியை என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டாய். உன் முகத்தை நான் அன்றைக்கே கவனித்திருக்க வேண்டும்.

அந்த வாரமே நீ வாஷிங் மெஷின் குழாயில் மெல்லிய துணிப் பை ஒன்றைத் தைத்துக் கட்டினாய், உதிர்கிற நூலைப் பிடிக்க. அது அடைத்துக்கொண்டு பாத்ரூமெல்லாம் தண்ணீர். "வாரத்துக்கு ஒரு தடவை அதுல சேர்ற பஞ்சை எடுத்துக் குப்பையில போட்டா அடைக்காதுப்பா" என்று நீ சொல்லச் சொல்ல, நான் அதைப் பிடுங்கி எறிந்தேன். "வீட்டுக்குள்ள வெள்ளம் வந்தா கடல் பொழச்சுக்குமோ?" என்று வேறு கேட்டேன். கேட்டபோது சாமர்த்தியமாகத்தான் இருந்தது. என் பேச்சு எப்போதுமே பேசுகிற நேரத்தில் நன்றாக இருக்கும், பிறகுதான் புளிக்கும்.

இனி கல்யாணத்துக்கு வருகிறேன். நீ என்னிடம் நகை கேட்கவில்லை, பட்டு கேட்கவில்லை. கேட்டது ஒன்றே ஒன்று. "தாம்பூலப் பை மட்டும் பருத்தி நூல் துணியில குடுங்கப்பா. சாதாரண மஞ்சப்பை போதும். என்கூட வேலை பாக்குறவங்க எல்லாம் வருவாங்க." நானும் சரி, சரி என்றேன். அப்புறம் பை போடுகிறவன் கடைக்கு வந்து சாம்பிள் காட்டினான். அரக்குச் சிவப்பில், தங்க எழுத்தில், பிள்ளையார் படத்தோடு. "துணி மாதிரியே இருக்கும் அண்ணாச்சி. பிரிண்டு பளிச்சுனு நிக்கும்" என்றான். நெய்யாமல் அழுத்திச் செய்கிற சரக்கு, நான்-ஓவன் என்பார்கள் வியாபாரத்தில். பிளாஸ்டிக் பை கூடாது என்று தடை வந்த பிறகு தி.நகரில் பாதிக் கடை அதற்குத்தான் மாறியது, நம் கடையும்தான். எல்லோரும் அதைத் துணிப்பை என்றே சொன்னோம். வாடிக்கையாளர்களும் துணிப்பை என்றே வாங்கிப் போனார்கள். சொல்லிச் சொல்லி எனக்கே அது துணியாகிவிட்டது.

ஆனால் நான் ஜவுளிக்காரன். எந்தத் துணி வந்தாலும் ஓரத்தில் ஒரு இழையை உருவித் தீக்குச்சியில் காட்டிப் பார்க்காமல் சரக்கு இறக்க மாட்டேன். நூல் என்றால் காகிதம் எரிகிற வாசம் வரும், சாம்பல் உதிரும். செயற்கை இழை என்றால் சுருண்டு உருகி ஒரு கெட்டி மணியாக நிற்கும். உனக்குச் சின்ன வயதில் அதைக் காட்டினால் கைதட்டுவாய். வேலைக்கு வருகிற ஒவ்வொரு பையனுக்கும் முதல் நாள் நான் சொல்லித் தருகிற பாடம் அது. அந்தப் பையில் மட்டும் நான் தீக்குச்சி வைக்கவில்லை, பேச்சி. வைத்தால் என்ன தெரியும் என்று என் விரலுக்குத் தெரிந்திருந்தது.

ஏன் வைக்கவில்லை? மஞ்சப்பைதான் காரணம். நான் திருநெல்வேலியிலிருந்து இந்த ஊருக்கு வந்து இறங்கியபோது கையில் அதுதான் இருந்தது. ரெங்கநாதன் தெருவில் நான் வேலைக்குச் சேர்ந்த கடையில் என் பெயரே கொஞ்ச நாள் மஞ்சப்பைதான். "டேய் மஞ்சப்பை, அந்தக் கட்டை எடுத்துப் போடு" என்பார்கள். அந்தப் பெயரைக் கழற்ற எனக்கு ஒரு சொந்தக் கடை வேண்டியிருந்தது. என் மகள் கல்யாணத்தில், அத்தனை பெரிய மனிதர்கள் முன்னால், வாசலில் நின்று நானே ஆளுக்கொரு மஞ்சப்பையைக் கொடுப்பதா? மனசு கேட்கவில்லை. உன் ஒரே ஆசையைவிட என் வீம்பு எனக்குப் பெரிதாகப் போய்விட்டது. மேடையிலிருந்து நீ வாசல் பக்கம் பார்த்தாய். உன் சித்தப்பா சிவப்புப் பைகளை நீட்டிக்கொண்டிருந்தான். நீ சண்டை போட்டிருந்தால்கூட நான் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். நீ ஒன்றும் சொல்லாமல் மாலையைச் சரிசெய்துகொண்டாய். அதற்குப் பிறகு என்னிடம் நீ கடலைப் பற்றிப் பேசியதே இல்லை. நான்தான் அதைச் சமாதானம் என்று நினைத்துக்கொண்டேன். முட்டாள்.

நீ உண்டாகியிருக்கிறாய் என்று தெரிந்ததும் உன் அம்மா செய்த முதல் வேலை, பரணில் ஏறச் சொன்னது. பிறக்கிற பிள்ளைக்குக் கோடித் துணி போடக் கூடாது, பழசுதான் போட வேண்டும் என்பது நம் வீட்டு வழக்கம். நீ பிறந்தபோது போட்ட மல் துணிச் சட்டைகளும், என் பழைய வேட்டியைக் கிழித்துச் செய்த துண்டுகளும் இத்தனை வருஷமாக அவளிடம் இருந்தன. முதலில் ஒரு தகரப் பெட்டியில் வைத்திருந்தாள். பெட்டி துருப்பிடித்ததும், உன் கல்யாணத்தில் மிஞ்சிய தாம்பூலப் பை ஒன்றில் மாற்றிவிட்டாளாம். பிள்ளையார் படம் இருக்கிறது, நல்லது என்று. நான் ஏணியில் நின்று அந்தப் பையைத் தூக்கினேன். காதுதான் கையோடு வந்தது. பை அப்பளம் மாதிரி நொறுங்கி என் தலையிலும் தோளிலும் கொட்டியது. உன் பெயரும் மாப்பிள்ளை பெயரும் சிவப்புத் தூளாகக் காற்றில் மிதந்தன. கீழே துணி மூட்டை விழுந்தது. வெள்ளை மல் சட்டைகளின் மடிப்பெல்லாம் சிவப்புப் பொடி.

"ஐயையோ, என்னங்க இது, கரையான் அரிச்சிருச்சா?" என்றாள் உன் அம்மா. கரையான் பிளாஸ்டிக்கைத் தின்னுமா? அவள் தரையைப் பெருக்கி, மிச்சத்தைத் தண்ணீர் ஊற்றிப் பாத்ரூம் பக்கம் தள்ளினாள். சிவப்புத் தண்ணீர் ஓட்டையில் சுழன்று இறங்கியபோதுதான் நீ சொன்ன வழி எனக்கு ஞாபகம் வந்தது. சாக்கடை, அடையாறு, கடல். "நிறுத்துடி!" என்று கத்தினேன். அவள் துடைப்பத்தோடு மிரண்டு நின்றாள். அதற்குள் போக வேண்டியது போய்விட்டது. கல்யாணத்துக்கு வந்தவர்கள் எத்தனை பேர்! ஒவ்வொருவர் வீட்டுப் பரணிலும் கதவு மூலையிலும் உன் பெயர் போட்ட பை ஒன்று இப்படி நொறுங்கிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு வீட்டிலும் யாரோ ஒருத்தி தண்ணீர் ஊற்றித் தள்ளுவாள். நீ சலித்த அதே மணலுக்கு நான் உன் பெயரைப் பொடி பண்ணி அனுப்பிக்கொண்டிருக்கிறேன். என்னால் உட்கார முடியவில்லை, பேச்சி.

மறுநாளே கடையில் மிஞ்சின நூல் துணியில் பை தைக்கச் சொன்னேன். மஞ்சள் நிறத்தில்தான். அதை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பினேன். ஒரு பையை வாங்கிக்கொண்டு ஒரு பையைக் கொடுப்பது, அவ்வளவுதானே என்று நினைத்தேன். மங்கலமாகக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்டால் கேட்கிறவர்கள் காதில் என்ன விழும் என்று எனக்கு உறைக்கவே இல்லை. மயிலாப்பூரில் உன் கணக்கு டீச்சர் வசந்தா மாமி வீட்டுக்குத்தான் முதலில் போனேன். மாமி முகம் வெளுத்துப்போய், "என்ன ஆச்சு? கொழந்தை அங்க சௌக்கியமா இருக்காளோல்லியோ? ஆத்துல யாருக்காவது உடம்புக்கா? எதையும் மறைக்காம சொல்லுங்கோ" என்று என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். நான் பிளாஸ்டிக், கடல், மீன் என்று உளறினேன். மாமி நம்பவில்லை. பையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, உனக்காகக் கபாலீஸ்வரர் கோயிலில் அர்ச்சனை செய்வதாகச் சொன்னார். அங்கேயாவது நான் நின்று யோசித்திருக்கலாம். வேளச்சேரியில் உன் அத்தை பையைக் கொடுத்துவிட்டு, நான் லிஃப்ட்டில் இறங்குவதற்குள் தூத்துக்குடிக்குப் போன் போட்டிருக்கிறாள் என்று இப்போது தெரிகிறது.

தேசம்மா மட்டும்தான் பயப்படவில்லை. "இன்னா சார், பாப்பா நல்லா கீதா?" என்றாள். விஷயத்தைச் சொன்னேன். உள்ளே போய் வெறுங்கையோடு திரும்பி வந்தாள். பையைக் கத்தரித்து, உன் பெயர் இருந்த பக்கத்தை மட்டும் சாமி படத்துக்குக் கீழே ஒட்டி வைத்திருக்கிறாளாம். "வேற எது வேணா கேளு சார், அத்த மட்டும் தர மாட்டேன். பாப்பா பேரு சார் அது. அது இங்க குந்திகினு எங்க வூட்டுப் பசங்களுக்கு இன்னா கதையெல்லாம் சொல்லிக்கினு இருக்கும் தெரியுமா?" என்றாள். எட்டிப் பார்த்தேன். ஒரு ஓரம் ஏற்கெனவே உதிர ஆரம்பித்திருந்தது. மஞ்சப்பையை மட்டும் கொடுத்துவிட்டு வந்தேன்.

உன் சித்தப்பா என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கடையில் இனி அந்தப் பை வேண்டாம், வீட்டிலிருந்து பை கொண்டுவரச் சொல்லுங்கள், இல்லாதவர்களுக்கு நூல் பை கொடுங்கள் என்றேன். "அண்ணே, பக்கத்துக் கடைக்காரன் சிரிக்கான்" என்றான். சிரிக்கட்டும். ஆனால் பாலியஸ்டர் சேலையை என்னால் நிறுத்த முடியாது, அதையும் உன்னிடம் மறைக்கப் போவதில்லை. ஒற்றை அறையில் குடியிருக்கிற பெண்ணுக்கு ஒரே ராத்திரியில் காய்கிற சேலை வேண்டும். அதைப் பிடுங்கிவிட்டுப் பட்டும் பருத்தியும் பேச எனக்கு என்ன யோக்கியதை? இதை நீயே ஒரு நாள் எனக்குச் சொன்னாய். இருக்கிறதை அடிக்கடி மாற்றாமல் கிழிகிற வரைக்கும் கட்டணும், அழுக்கானால் மட்டும் துவைக்கணும், பச்சைத் தண்ணீரில், மெஷின் நிறையப் போட்டுத் துவைக்கணும் என்றாய். இப்போது சேலையை மடித்துக் கொடுக்கும்போது நான் அதைச் சொல்லித்தான் கொடுக்கிறேன். சில பேர் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். சில பேர் கேட்டுக்கொள்கிறார்கள். நம் வீட்டு மெஷின் குழாயில் துணிப் பையும் திரும்ப ஏறிவிட்டது. வாரா வாரம் நானே அந்தப் பஞ்சை எடுத்துக் குப்பையில் போடுகிறேன். சாம்பல் நிறத்தில் ஒரு கைப்பிடி வருகிறது. இத்தனை வருஷமும் அது எங்கே போயிற்று என்று இப்போது எனக்குத் தெரியும்.

திரும்பி வந்த பைகளை உன் அறையில், வெயில் படாமல் மூட்டை கட்டி வைத்திருக்கிறேன். மூட்டை சின்னதுதான். கொடுத்ததில் பெரும்பாலானது வரவில்லை, வரவும் வராது. எத்தனையோ பேர் குப்பையில் போட்டுவிட்டார்கள். எத்தனையோ பேருக்கு ஞாபகமே இல்லை. கடலுக்குப் போனதை இனி யார் போய்ப் பொறுக்க முடியும்? அது உன் பிள்ளை காலத்துக்கும் அங்கேதான் கிடக்கும். இனிமேல் போகாமல் பார்க்கலாம், அவ்வளவுதான் என்னால் ஆகிற காரியம். அதையும் ஊரைக் கூட்டி, உன் மாமியாரை அழவைத்துத்தான் எனக்குச் செய்யத் தெரிந்திருக்கிறது. நாளை மறுநாள் நான் தூத்துக்குடிக்கு வருகிறேன். உன் மாமியார் முன்னால் நானே உட்கார்ந்து, பையில் ஒரு துண்டைத் தீக்குச்சியில் காட்டிச் சொல்கிறேன். திட்டினால் வாங்கிக்கொள்கிறேன். நீ எனக்காக ஒரு வார்த்தையும் பேச வேண்டாம்.

ஒன்று மட்டும் பாக்கி. அந்த மல் சட்டைகளைத் துவைத்துவிடலாம் என்றாள் உன் அம்மா. துவைத்தால் தண்ணீரோடு போகும், மாடியில் உதறினால் காற்றோடு போகும். தூக்கிப் போடவும் மனசு வரவில்லை, உன் உடம்பில் கிடந்த துணி. அதனால் தினமும் மத்தியானம் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, உன் அம்மாவின் புருவம் திருத்துகிற இடுக்கியால் ஒவ்வொரு துணுக்காக எடுக்கிறேன். தையலுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது, சனியன். எடுத்ததையெல்லாம் ஒரு ஊறுகாய் பாட்டிலில் போட்டு மூடி வைத்திருக்கிறேன். உன் அம்மா முதலில் சிரித்தாள். இப்போது அவளும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து இழுத்துப் பிடித்துக்கொடுக்கிறாள்.

இதுவரை ஒரு சட்டைதான் முடிந்திருக்கிறது. இந்தக் கடிதத்தோடு வைத்துக் கூரியரில் அனுப்புகிறேன், எனக்கு முந்தி வந்துவிடும். வெள்ளைத் தட்டைத் தூக்கிப் பார்ப்பாயே, அந்த மாதிரி இதை வெளிச்சத்தில் பிடித்துப் பார். மடிப்பைப் பிரித்து, தையலை விலக்கி நன்றாகப் பார். சிவப்பாக ஒரே ஒரு பொட்டு தெரிந்தாலும் நீ அங்கேயே இரு, பிள்ளையையும் அங்கேயே பெற்றுக்கொள், நான் கேட்க மாட்டேன். ஒன்றும் தெரியவில்லை என்றால் மட்டும் உன் மாமியாரிடம் கேட்டு வீட்டுக்கு வா. மிச்சச் சட்டைகளை நீ வருவதற்குள் முடித்துவிடுவேன்.

அப்பா